கயிறும் கடிகாரமும் அவர்களிடம், கணக்கு உங்களிடம்: ஒரு ஹேண்டிகேப் ஓட்டச் சேவையின் மதிப்பீடு

மெதுவாக ஓடுபவரை முதலிலும் வேகமானவரைக் கடைசியிலும் புறப்பட விடும் ஹேண்டிகேப் ஓட்டத்தைப் பள்ளிகளில் நடத்தித் தரும் ஒரு குழுவைப் பற்றியது இது. கடிகாரம், கயிறு, மைக் இந்த மூன்றுக்கும் இவர்களைத் தாராளமாக அழைக்கலாம். எந்தப் பிள்ளையை எத்தனை நொடி முன்னால் விடுவது என்ற கணக்கை மட்டும் இவர்கள் கையில் கொடுத்துவிடாதீர்கள். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்தான்.

கிருஷ்ணகிரியிலிருந்து கிளம்பிச் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குப் போய் ஓட்டப்போட்டி நடத்தித் தரும் நாலு பேர் கொண்ட சிறு குழு இது. பெயர் போடவில்லை. இங்கே சொல்லும் குறைகள் இவர்களுக்கு மட்டும் உரியவை அல்ல, இந்த வேலையைச் செய்யும் பலரிடமும் உண்டு. யாரை அமர்த்தினாலும் இதே கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். அறுபது பிள்ளைகள் வரை 4,500 ரூபாய். காலில் அல்லது செஸ்ட் நம்பரில் சிப் வைத்து நேரம் எடுக்க வேண்டுமென்றால் தலைக்கு 70 ரூபாய் கூடுதல். பெரிய டிஜிட்டல் கடிகாரம், செஸ்ட் நம்பர், ஊக்கு, கூம்புகள், இரண்டு ஸ்டாப் வாட்ச், நூறு மீட்டர் கயிறு, ஒலிபெருக்கி எல்லாம் அவர்களே கொண்டுவருகிறார்கள். சுண்ணாம்புத் தூளும் தண்ணீரும் நம் பொறுப்பு.

ஹேண்டிகேப் ஓட்டம் என்று நோட்டீஸில் அச்சடித்தால் நம் பக்கம் பாதிப் பெற்றோர் அதை மாற்றுத்திறனாளிகளுக்கான போட்டி என்றே எடுத்துக்கொள்வார்கள். ‘சமவாய்ப்பு ஓட்டம்’ என்று போட்டு, கீழே ஒரே வரியில் ‘மெதுவாக ஓடுபவர் முதலில் புறப்படுவார், வேகமானவர் கடைசியில் புறப்படுவார், கோட்டை முதலில் தொடுபவருக்கே பரிசு’ என்று எழுதிவிடுங்கள். இந்த வரி இல்லாவிட்டால் பரிசு கொடுக்கும் நேரத்தில், “என் பையன்தானே சார் எல்லாரையும்விட வேகமா ஓடினான், அவனுக்கு எப்படி ஒன்பதாவது?” என்று ஒரு அப்பா வந்து நிற்பார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் வேகமான நேரத்துக்கென்று தனியாக ஒரு பரிசு வைத்துவிடுவது நல்லது.

கணக்கு இதுதான். 1600 மீட்டர் பாதையில் ஐந்து பிள்ளைகளின் நேரம் 8:20, 7:40, 6:55, 6:05, 5:30 என்று வைத்துக்கொள்வோம். 8:20 பிள்ளை பூஜ்யத்தில் புறப்படும். மற்றவர்கள் வரிசையாக 0:40, 1:25, 2:15, 2:50 கழித்து. எல்லோரும் தங்கள் நேரத்திலேயே ஓடினால் கடிகாரம் 8:20 காட்டும்போது ஐந்து பேரும் ஒன்றாகக் கோட்டில் இருப்பார்கள். அன்றைக்குத் தன் நேரத்தைவிட யார் அதிகமாக முன்னேறினாரோ அவர் ஜெயிப்பார். சங்கதி இவ்வளவுதான். ஆகவே அந்த ‘தன் நேரம்’ பொய்யாக இருந்தால் கயிறு, கடிகாரம், சிப் எல்லாம் சேர்ந்தாலும் காப்பாற்ற முடியாது.

குழு சறுக்குவது இங்கேதான். அவர்களிடம் ஒரு வயது அட்டவணை இருக்கிறது. பத்து வயதுக்குப் பூஜ்யம், அதற்கு மேல் வயது ஒன்றுக்கு 20 நொடி தாமதம், பெண் பிள்ளைகளுக்கு 15 நொடி சலுகை. பள்ளியிலிருந்து பிறந்த தேதிப் பட்டியலை வாங்கி அரை மணி நேரத்தில் புறப்பாட்டு வரிசையைத் தயார் செய்துவிடுகிறார்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் தினமும் காலையில் மாவட்ட விளையாட்டு அரங்கத்தில் பயிற்சி எடுக்கும் பதின்மூன்று வயதுப் பையனும், அன்றைக்கு முதல்முறையாக ஓடும் பதின்மூன்று வயதுப் பையனும் ஒரே விசிலுக்குப் புறப்படுவார்கள். ஒருவன் 5:30, இன்னொருவன் 7:40. நூற்று முப்பது நொடி வித்தியாசத்தை அந்த அட்டவணை பார்க்கவே இல்லை. பரிசு வழக்கம்போல் பயிற்சி எடுப்பவர்களுக்கே போகிறது, பத்து வயதில் பயிற்சி எடுக்கும் பிள்ளை இருந்தால் அதற்கு நிச்சயம். அதற்குச் சாதாரண ஓட்டப்பந்தயமே வைத்திருக்கலாம்.

வயதை வைத்து முன்னால் விடுவது உலகத்தில் இல்லாததல்ல. கலிஃபோர்னியாவில் 1905 முதல் நடந்துவரும் டிப்சி மலைப்பாதை ஓட்டத்தில் வயதும் பாலும் பார்த்துத்தான் நிமிடங்கள் தருகிறார்கள். 2010ல் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி அதில் முதலாவதாக வந்தாள். அங்கே ஓடுபவர்களின் வயது சிறுவர் முதல் முதியவர் வரை விரிகிறது, வயது பெரிய விஷயம். ஆறாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் இடையில் அந்த அளவுக்கு இல்லை. இந்த வயதில் அதிக வித்தியாசம் செய்வது பயிற்சியும், யார் எப்போது உயரமாகிறார்கள் என்பதும்தான். உலக மாஸ்டர்ஸ் தடகள அமைப்பின் வயது மதிப்பீட்டு அட்டவணையும் ஒரு வயதில் சிறந்தவர்கள் எவ்வளவு ஓடுவார்கள் என்பதைச் சொல்லும், உங்கள் பள்ளி முருகனின் நேரத்தைச் சொல்லாது.

ஆகவே நேரத்தை பி.டி. சாரே எடுத்து வைக்க வேண்டும். அதே மைதானம், அதே பாதை, அதே காலை நேரம். நாலைந்து நாள் இடைவெளியில் இரண்டு டிரையல். இரண்டின் சராசரியை எடுக்காதீர்கள், நல்ல நேரத்தை எடுங்கள். சராசரி எடுப்பது தெரிந்தால் ஒரு டிரையலில் நடந்தே வரும் புத்திசாலிகள் எல்லா வகுப்பிலும் உண்டு. ஆறு வாரத்துக்கு மேல் பழைய நேரத்தைக் குப்பையில் போடுங்கள். பன்னிரண்டு முதல் பதினாலு வயதில் ஒரு பருவத் தேர்வுக்கும் அடுத்ததற்கும் இடையில் பிள்ளை ஆளே மாறிவிடும். டிரையலே ஓடாமல் போட்டியன்று வந்து நிற்கும் பிள்ளையைத் திருப்பி அனுப்ப வேண்டாம். ஓடட்டும், நேரம் பதியட்டும், பரிசுக்கு மட்டும் அடுத்த முறை.

பாதையின் தூரம் சரியாக 1600 தானா என்று மண்டையைக் குடைய வேண்டியதில்லை என்பது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். டிரையலும் போட்டியும் ஒரே பாதை என்றால் அது 1560 மீட்டராக இருந்தாலும் ஒருவருக்கும் அநியாயமில்லை. இந்தக் குழு அளவுச் சக்கரம் உருட்டி அரை மணி நேரம் செலவழிக்கிறது. அந்த நேரத்தைப் பிள்ளைகளை வரிசைப்படுத்தச் செலவழித்திருக்கலாம். வேறு மைதானத்தில், வேறு தூரத்தில் எடுத்த நேரத்தைக் கொண்டுவரும்போதுதான் அளவு முக்கியம். அப்போது ரீகல் சூத்திரம் உதவும்: தூர விகிதத்தை 1.06 அடுக்குக்கு உயர்த்திப் பழைய நேரத்தால் பெருக்குவது. 800 மீட்டரை 3:00ல் ஓடும் பிள்ளைக்கு 1600க்கு ஏறக்குறைய 6:15 வரும். பயிற்சி இல்லாத பிள்ளை அதைவிட மெதுவாகத்தான் வரும், இது தோராயம் மட்டுமே.

போட்டி முடிந்ததும் நேரத்தைத் திருத்துவதில் ஒரு தந்திரம் உண்டு. முன்னேறினால் முழுவதையும் உடனே எடுத்துக்கொள்ளுங்கள். பின்தங்கினால் ஒரு போட்டிக்கு 5 நொடிக்கு மேல் தளர்த்தாதீர்கள். 6:05 பிள்ளை 5:52 ஓடினால் புது நேரம் 5:52. அதே பிள்ளை 6:25 ஓடினால் 6:10 மட்டும். வேண்டுமென்றே மெதுவாக ஓடிச் சலுகை சேர்ப்பது இதனால் கட்டுப்படியாகாத வியாபாரமாகிவிடும். ஆஸ்திரேலியாவின் ஸ்டாவெல் கிஃப்ட், 1878ல் தொடங்கிய 120 மீட்டர் ஹேண்டிகேப் ஓட்டம், பணப்பரிசுப் போட்டி. அங்கே முந்தைய போட்டிகளில் சரியாக ஓடாமல் திடீரென்று பாய்பவர்களுக்கு நடுவர்கள் அபராதமே போடுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அபராதம் வேண்டாம், 5 நொடி விதி போதும். இந்தக் குழுவிடம் போட்டிக்குப் பிந்தைய திருத்தம் என்ற ஏற்பாடே இல்லை. ஒவ்வொரு முறையும் அட்டவணை பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது.

இன்னொன்று. மெதுவாக ஓடும் பிள்ளைக்கு முன்னேற இடம் அதிகம். 8:20ல் நூற்றுக்கு மூன்று குறைந்தால் 15 நொடி, 5:30ல் மூன்று குறைந்தால் 10 நொடி. முழு இடைவெளியையும் கொடுத்தால் வேகமான பிள்ளை ஒருநாளும் ஜெயிக்காது, மூன்றாவது போட்டிக்கு வராமலே நின்றுவிடும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து கொடுத்துப் பாருங்கள்: 170 நொடி இடைவெளி 161 ஆகும், ஐந்தின் மடங்காக்கி 160. இது நம் அனுபவக் கணக்குதான், சட்டமல்ல. இரண்டு மூன்று போட்டியில் யார் ஜெயிக்கிறார்கள் என்று பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

முந்தின நாள் மழை பெய்த மைதானம் வேறு ஒரு பிரச்சினையைக் கிளப்பும். சேற்றில் எல்லோரும் நூற்றுக்கு ஐந்து மெதுவாகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8:20 பிள்ளை 25 நொடி இழக்கும், 5:30 பிள்ளை பதினாறரை நொடிதான் இழக்கும். எட்டரை நொடி லாபம் வேகமான பிள்ளைக்கு, அதுவும் ஒன்றும் செய்யாமலே. காய்ந்து இறுகிய செம்மண்ணில் டிரையலைவிட வேகமாக ஓடும் நாளில் லாபம் மறுபக்கம். ஐப்பசி கார்த்திகையில் நடத்தினால் காலையில் இரண்டு பேரை விட்டு ஒரு சுற்று ஓடச் சொல்லி, எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்து, எல்லா நேரத்தையும் 1.04 அல்லது 1.05 ஆல் பெருக்கிவிட்டு அதன் பிறகு இடைவெளியைப் போடுங்கள். ஒரு எக்செல் பட்டியல் இருந்தால் ஒரு நிமிட வேலை. குழுவின் அச்சடித்த வரிசையில் இதற்கு வழியில்லை.

இனி நல்லதைச் சொல்ல வேண்டும். புறப்பாட்டில் இவர்கள் கெட்டிக்காரர்கள். செஸ்ட் நம்பரும் புறப்பாட்டு வரிசையும் ஒன்றே: 1ஆம் எண் முதலில், 60ஆம் எண் கடைசியில். எண்ணுக்குக் கீழே தடித்த மார்க்கரில் புறப்படும் நேரம், ‘2:15’ என்று. யார் வரிசை மாறி நிற்கிறார்கள் என்பது பத்தடி தள்ளி நின்றாலும் தெரிந்துவிடும். புறப்பாடுகள் எல்லாம் 5 நொடியின் மடங்குகள், ஒரே நொடியில் நாலைந்து பேர் வரை. ஒருவர் 30 நொடிக்கு முன்பே எண்ணை அழைத்துக் கோட்டுக்குப் பின்னால் நிறுத்துகிறார், இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்து விசில் ஊதுகிறார். இரண்டையும் ஒரே ஆள் செய்யும்போதுதான் எங்கும் குழப்பம் வருகிறது. தாமதமாக வரும் பிள்ளைக்காகக் கடிகாரத்தை நிறுத்துவதே இல்லை, அதுவும் சரி. அடுத்தவர் விசிலுக்கு யாராவது முந்திப் புறப்பட்டுவிட்டால் ஓடிப்போய்ப் பிடிப்பதில்லை. எழுதிக்கொண்டு, திருடிய நொடியின் இரண்டு மடங்கை முடிவு நேரத்தில் கூட்டுகிறார்கள். பிள்ளைகளிடம் இந்த விதியை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மைக்கில் பேசுபவரைப் பற்றி ஒரு சொல். முதலில் தனியாகப் புறப்படும் பிள்ளையை வைத்து நகைச்சுவை செய்கிறார். மொத்தக் கூட்டமும் பார்த்துக்கொண்டிருக்க, தனியாக ஓடிப்போகும் பிள்ளைக்கு அடுத்த விசில் வரையான அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று அவருக்குத் தெரியவில்லை. இதைத் தவிர்க்க எளிய வழி, மிக மெதுவான மூன்று நாலு பேரை ஒன்றாக முதல் விசிலில் விட்டுவிடுவது. அவர்களுக்குள் சில நொடி அநியாயம் இருக்கும், பரவாயில்லை. பெயர்களையும் எண்களையும் தவிர வேறெதுவும் மைக்கில் வேண்டாம் என்று முன்பே எழுதிக் கொடுங்கள், கேட்டுக்கொள்கிறார்கள்.

பாதையில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. 400 மீட்டர் தடம் கிடைத்தால் அதிலேயே நாலு சுற்று என்கிறார்கள். சாதாரணப் பந்தயத்தில் சரி. ஹேண்டிகேப்பில் 1ஆம் எண் இரண்டாவது சுற்றில் இருக்கும்போது 60ஆம் எண் முதல் சுற்றைத் தொடங்கும். யார் எத்தனையாவது சுற்று என்பது ஓடுபவருக்கே மறந்துபோகும், எண்ணுபவர் பாவம். மூன்று சுற்றில் நுழைந்துவிட்ட பிள்ளை ஒன்று பரிசு வரிசையில் நிற்கும், பிறகு அழும். போய்த் திரும்பும் ஒரே பாதை வையுங்கள். மைதானத்தைத் தாண்டி ஏரிக்கரை வரை 800 மீட்டர், அங்கே ஒரு கூம்பு, கூம்பருகில் திரும்புபவர்களின் எண்ணை டிக் அடிக்க ஒரு ஆசிரியர். எதிரெதிரே ஓடுவதால் மூன்று மீட்டர் அகலமாவது வேண்டும், இடப்பக்கம் போ என்ற ஒரே விதி. நம் பக்கம் பல மைதானங்கள் பாறையோரச் சரிவில் இருக்கின்றன; போய்த் திரும்புவதில் ஏற்றமும் இறக்கமும் சமமாகிவிடும். கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் வட்டாரத்தில் மாங்காய் சீசனில் லாரி நடமாடும் சாலையைத் தொடாதீர்கள். கே.ஆர்.பி. அணைப் பூங்காப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் பற்றிச் சொல்லவே வேண்டாம். கோடையில் காலை 6:15க்கு முதல் விசில், 7:30க்குள் கூழோ வாழைப்பழமோ கையில் இருக்க வேண்டும்.

முடிவுக் கோட்டுக்கு வருவோம். கணக்கு சரியாக இருந்தால் நாற்பது பிள்ளைகள் இருபத்தைந்து நொடிக்குள் வந்து குவிவார்கள். அதைப் பார்த்துத்தான் கணக்கு சரியா என்றே முடிவு செய்யலாம். முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இடையில் மூன்று நிமிடம் இருந்தால் ஹேண்டிகேப் வேலை செய்யவில்லை. ஒரு நொடிக்கு ஒன்றரைப் பேர் வருவதை யாரும் எண் பார்த்து எழுத முடியாது. குழு வைக்கும் கயிற்றுப் பாதை இங்கே அருமையான வேலை செய்கிறது: கோட்டைத் தாண்டியதும் ஒரு மீட்டர் அகலத்தில், இரண்டு பக்கமும் இடுப்புயரக் கயிறு. வந்த வரிசை கலையாது. முனையில் 1, 2, 3 என்று எண் போட்ட பிளாஸ்டிக் வில்லைகளை ஒருவர் வரிசையாகக் கொடுக்கிறார், ஸ்டாப் வாட்ச்காரர் ஒவ்வொரு கடப்புக்கும் பொத்தானை மட்டும் அழுத்துகிறார். பிறகு மேசையில் வில்லை எண்ணையும் செஸ்ட் நம்பரையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு அழுத்தல் தவறினால் அதற்குக் கீழே எல்லா நேரமும் ஒரு வரி நகர்ந்துவிடும். அதற்காக ஒவ்வொரு பத்தாவது ஆளுக்கும் ஒருவர் உரக்க எண்ணைச் சொல்ல, வாட்ச்காரர் தன் எண்ணிக்கையைச் சரிபார்ப்பது நல்ல பழக்கம். அவர்களின் கயிற்றுப் பாதை 12 மீட்டர்தான், நாற்பது பேருக்குப் போதாது. முன்னால் நிற்பவர்கள் குனிந்து மூச்சு வாங்க, பின்னால் கோடு வரை அடைத்துவிடும். 20 மீட்டர் கேளுங்கள், ‘நட, நட’ என்று தள்ளிக்கொண்டே இருக்க ஒரு ஆளையும் வையுங்கள்.

சிப்புக்கு 70 ரூபாய் கொடுக்காதீர்கள். வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டிய செஸ்ட் நம்பரின் சிப் சில சமயம் வாசிக்கப்படுவதே இல்லை. ஆறு பேர் தோளோடு தோள் வரும்போது கோட்டில் சிப்பை வாசிக்கும் ஆன்டெனா யாரை முதலில் பிடித்ததோ அவரே முந்தியவராகப் பதிவாவார், நெஞ்சு யாருடையது முதலில் கோட்டைத் தொட்டது என்பது அதற்குத் தெரியாது. இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு. மென்பொருள் இயல்பாகவே ஒவ்வொருவரும் ஓட எடுத்துக்கொண்ட நிகர நேரத்தை வைத்து வரிசைப்படுத்துகிறது. இவர்கள் நடத்திய ஒரு போட்டியில் அப்படியே அச்சாகி, கடைசியில் புறப்பட்ட வேகமான பையன் முதலிடத்தில் வந்துவிட்டான். கோப்பை கைமாறிய பிறகுதான் கண்டுபிடித்தார்கள். முந்திப் புறப்பட்டதற்கான கூட்டல் தவிர, கோட்டைக் கடந்த வரிசையே முடிவு, நிகர நேரம் அடுத்த போட்டியின் கணக்குக்கு மட்டும். இதை அவர்களின் கணினிக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிப்புக்குப் பதில் ஒரு கைப்பேசியை முக்காலியில் வைத்து, கோட்டின் நேர்ப்பக்கத்தில், நொடிக்கு 60 படங்கள் வேகத்தில் வீடியோ எடுங்கள். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வரும் பிள்ளை ஒரு படத்துக்கு 8 சென்டிமீட்டர்தான் நகரும். 30 படங்கள் என்றால் 17. எந்தச் சண்டையும் அதில் தீர்ந்துவிடும். கோணலாக வைத்த கேமரா முந்தாதவரை முந்தியவராகக் காட்டும், அது மட்டும் கவனம்.

100 மீட்டருக்கும் ஹேண்டிகேப் நடத்தித் தருவதாகச் சொல்கிறார்கள், அங்கே நேரத்துக்குப் பதில் தூரத்தில் முன்னால் நிறுத்துவது. கணக்கை எளிதாகப் போட்டுத் தவறு செய்கிறார்கள். 13.0 நொடிப் பிள்ளைக்கு எதிராக 15.0 நொடிப் பிள்ளைக்கு 13.3 மீட்டர் என்று சராசரி வேகத்தில் போடுகிறார்கள். நின்ற நிலையிலிருந்து வேகம் பிடிக்க ஆகும் நேரம் தூரம் குறைந்தாலும் குறையாது. அதை ஒரு நொடி என்று கழித்துவிட்டுப் போட்டால் 14.3 மீட்டர் வரும். ஒரு மீட்டர் என்பது 100 மீட்டரில் பரிசையே மாற்றும். நொடியில் பத்தில் ஒரு பங்கு துல்லியம் கையால் அழுத்தும் ஸ்டாப் வாட்சில் கிடைக்காது என்பதால், டிரையல் நேரமே ஆட்டம் காணும் இந்தப் போட்டியை அவர்களிடம் கேட்கவே வேண்டாம். 800க்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். பத்து வயதுக்குக் கீழே என்றால் ஒரு கிலோமீட்டர் போதும்.

அமர்த்துவதானால் இப்படிச் செய்யலாம். சிப் வேண்டாம், அட்டவணை வேண்டாம் என்று முதல் பேச்சிலேயே சொல்லி, புறப்பாட்டு வரிசையைப் பள்ளியே எக்செல்லில் போட்டு இரண்டு நாள் முன்னதாக அனுப்பிவிட்டால் செஸ்ட் நம்பரை அதன்படி எழுதிக்கொண்டு வருகிறார்கள். 4,500க்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கேட்பதில்லை. மழையால் தள்ளிப்போனால் முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொள்வார்கள். அதை ரசீதில் எழுதித் தருவதில்லை, கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.